சுத்தியல் இல்லாத பட்டறை

அம்மா தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. சிலிக்கான் சில்லின் மேல் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டும் வேலை. பால்மரம் வெட்டிப் பிழைத்த தோட்டக் குடும்பத்துப் பெண். அதற்குமுன் நுண்ணோக்கியைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. சேர்ந்த அன்றே அவரைக் கொண்டுபோய் லைனில் உட்கார வைத்துவிடவில்லை. பின்கட்டு அறையில் பழைய இயந்திரம் ஒன்றையும், கழித்துப் போட்ட சில்லுகள் நிறைந்த தட்டு ஒன்றையும் கொடுத்து, "இங்கேயே கெடுத்துப் பழகிக்கோ தங்கச்சி, அங்க வந்து கெடுக்காத" என்றாராம் சூப்பர்வைசர் அக்கா. மூன்று வாரம் கெடுத்தார். நாலாவது வாரம்தான் லைன்.

1971-இல் தடையற்ற வாணிப மண்டலச் சட்டம் வந்தபின் மலேசியாவில் எழுந்த மின்னணு ஆலைகளைப் பற்றிக் குறை சொல்ல நிறைய இருக்கிறது. சம்பளம், கண்பார்வை, இரவு ஷிப்ட் என்று அம்மாவே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். ஆனால் பயிற்சி என்றால் என்ன என்பதில் அந்த ஆலைகளுக்குக் குழப்பமே இருந்ததில்லை. கையில் கொடு, கெடுக்க விடு, மறுபடி கொடு. அவ்வளவுதான்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் இதுதான் சோறு போடுகிறது. கடைசி எட்டு ஆண்டுகளாக மற்றவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். என் முதல் வேலையில் மூன்றாம் நாளே நிறுவனத்தின் உயிருள்ள தரவுத்தளத்தின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாடிக்கையாளரின் முகவரியை மாற்றச் சொன்னார்கள். யாருடைய முகவரி என்று குறிப்பிடும் ஒரு வரியை நான் எழுத மறந்தேன். நாலாயிரம் வாடிக்கையாளரும் ஒரே வீட்டுக்குக் குடிபோனார்கள். அன்றிரவு பழைய நகலிலிருந்து மீட்டெடுத்துக்கொண்டிருந்தபோது என் நினைவுக்கு வந்தது அம்மாவின் கழிவுத் தட்டு. எனக்கு ஏன் யாரும் ஒரு கழிவுத் தட்டைக் கொடுக்கவில்லை?

கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது பயிற்சிக்குப் பஞ்சமில்லை, பணத்துக்கும் பஞ்சமில்லை என்பதுதான் வேடிக்கை.

போன ஆண்டு கிள்ளான் பள்ளத்தாக்கின் ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் 'பட்டறை'. எண்பது நிரலாளர்கள். காலையில் கறிபாப், மதியம் பஃபே, மாலையில் தே தாரிக்கோடு வாழைப்பழப் பலகாரம். இடையிடையே இருநூறு ஸ்லைடுகள். சோதனையை முதலில் எழுதி, அதற்கேற்ப நிரலைப் பின்னால் எழுதும் முறையைப் பற்றிய பயிற்சி அது. இரண்டு நாளில் அந்த மண்டபத்தில் ஒருவர்கூட ஒரு சோதனையையும் எழுதவில்லை. எழுத வழியும் இல்லை. வட்ட மேசைகளில் பூச்சாடிக்கும் தண்ணீர் புட்டிகளுக்கும் போக மடிக்கணினிக்கு இடமில்லை. கடைசியில் எல்லாருக்கும் சான்றிதழ். என் பக்கத்து நாற்காலித் தம்பி அதைப் படம் பிடித்து லிங்க்ட்இன்னில் போட்டுவிட்டு என்னிடம் கேட்டான்: "அண்ணே, நாளைக்கு ஆபீஸ் போனா இதை எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

பட்டறை என்பது நல்ல தமிழ்ச் சொல். உலை இருக்கும், துருத்தி இருக்கும், சுத்தியல் இருக்கும், கையில் சூடு பட்ட தழும்பும் இருக்கும். கொல்லன் ஸ்லைடு போட்டுக் காட்டி அரிவாள் அடிக்கக் கற்றுக் கொடுத்ததாக வரலாறு இல்லை. நாம்தான் உட்கார்ந்து கேட்கும் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரை வைத்து, சொல்லின் விலையைக் குறைத்துவிட்டோம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். 1992-இல் மனிதவள மேம்பாட்டுச் சட்டம் வந்தது. 2001-இல் அதன் இடத்தில் புதிய சட்டம். இன்று எச்ஆர்டி கார்ப் என்று அழைக்கப்படும் அமைப்பு அதன் வழி நடக்கிறது. 10 மலேசியத் தொழிலாளருக்குக் குறையாத நிறுவனம் மாதச் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை லெவியாகக் கட்ட வேண்டும். 5 முதல் 9 பேர் உள்ளவர்கள் விரும்பினால் அரை விழுக்காடு கட்டிச் சேரலாம். 2021 மார்ச்சில் இந்த வலை மேலும் பல துறைகளுக்கு விரிந்தது. ஓர் உதாரணத்துக்கு 120 உள்ளூர்த் தொழிலாளர், ஆளுக்குச் சராசரியாக 3,000 ரிங்கிட் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3,600 ரிங்கிட், ஆண்டுக்கு 43,200. அந்தப் பணம் பயிற்சிக்கென்றே ஒதுக்கப்பட்டுக் கிடக்கிறது. முதலாளி வேறு எதற்கும் அதைத் தொட முடியாது.

திட்டம் நல்ல திட்டம். அண்டை நாடுகளில் உள்ள என் நண்பர்கள் இதைக் கேட்டுப் பொறாமைப்படுகிறார்கள். ஆனால் கிடக்கிற பணத்தைச் செலவழிக்க வேண்டுமே என்ற அவசரம் ஆண்டுக் கடைசியில் மனிதவளப் பிரிவைப் பிடித்துக்கொள்ளும்போது, எதை வாங்குவது எளிதோ அதைத்தான் வாங்குவார்கள். எண்பது பேரை ஒரே மண்டபத்தில் உட்கார வைப்பது எளிது. வருகைப் பதிவேடு, புகைப்படம், 'பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று ஐந்துக்கு ஐந்து போட்ட படிவம். கோப்பைச் சுத்தமாக மூடிவிடலாம். கையில் என்ன ஏறியது என்று கேட்க அந்தக் கோப்பில் ஒரு கட்டம் கிடையாது.

இதற்கு மாற்று இருக்கிறதா என்று கேட்பவர்களை மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் ஊரான தெலுக் பங்லிமா காராங்குக்கு அழைக்கிறேன். டியூஷன் சென்டர் ஒன்றின் மாடியறை. பன்னிரண்டு அல்லது பதினான்கு பேர். அதற்கு மேல் சேர்ப்பதில்லை. இருவருக்கு ஒரு கணினி. கீழே உள்ள ஒட்டுக்கடையிலிருந்து நாசி லெமாக் பொட்டலம் வரும். ப்ரொஜெக்டர் உண்டு, ஆனால் அதில் ஓடுவது கடிகாரம் மட்டும்தான்: 45 நிமிடத்திலிருந்து பூஜ்யத்துக்கு.

முறை எங்கள் கண்டுபிடிப்பல்ல. 2009 ஜனவரியில் அமெரிக்காவில் கோரி ஹெய்ன்ஸ் முதலிய நாலு நிரலாளர்கள் தொடங்கியது. 'கோட் ரிட்ரீட்' என்பார்கள். 2011 முதல் ஆண்டுக்கொரு நாள் உலகின் பல நகரங்களில் ஒரே சமயத்தில் நடக்கிறது. நாள் முழுக்க ஒரே கணக்கு. வழக்கமாக எடுத்துக்கொள்வது கணிதமேதை ஜான் கான்வே 1970-இல் உலகுக்குக் காட்டிய 'உயிர் விளையாட்டு'. கட்டம் போட்ட தாளில் சில கட்டங்கள் உயிருள்ளவை, மற்றவை செத்தவை. உயிருள்ள கட்டத்துக்கு இரண்டோ மூன்றோ உயிருள்ள அண்டை வீட்டார் இருந்தால் அது பிழைக்கும். குறைந்தால் தனிமையிலும் கூடினால் நெரிசலிலும் சாகும். செத்த கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று உயிர் இருந்தால் அது பிறக்கும். விதி இவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். ஆனால் 45 நிமிடத்தில் சுத்தமாக எழுதி முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

முடிப்பதும் நோக்கமில்லை. மணி அடித்ததும் எழுதிய அத்தனையையும் அழித்துவிட வேண்டும். எங்கும் சேமிக்கக் கூடாது. ஜோடியை மாற்றிக்கொண்டு, அதே கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்தாறு முறை.

இந்த அழிக்கும் கட்டத்தைக் கண்கொண்டு பார்க்க வேண்டும். முதல் சுற்று முடிந்ததும் அறையில் ஓர் இழவு வீட்டு அமைதி.

"உண்மையாவே அழிக்கணுமாண்ணே? கடைசி ரெண்டு வரிதான் பாக்கி."

"அழிச்சிடு தம்பி."

"ஒரு காப்பி மட்டும் பென்டிரைவ்ல…"

"அழிச்சிடுப்பா."

பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் திரையை என் பக்கமிருந்து திருப்பிக்கொண்டு ரகசியமாகத் தனக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது சுற்றில் அவரே சிரித்துக்கொண்டு அழித்தார். ஏனென்றால் அதற்குள் அவருக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது: முதல் சுற்றில் நாற்பது நிமிடம் எடுத்த இடத்தை மூன்றாம் சுற்றில் பன்னிரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டார், மிச்ச நேரத்தில் வேறு வழி இருக்கிறதா என்று யோசிக்கவே தொடங்கிவிட்டார். அலுவலகத்தில் ஒரு நிரலை ஒருமுறைதான் எழுதுகிறோம். அது எப்படியோ ஓடிவிட்டால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போகிறோம். ஒரே பாட்டை வாழ்நாளில் ஒரே ஒருமுறை, அதுவும் கச்சேரி மேடையில் மட்டும் பாடுகிற பாடகரைப்போல.

இசைக்காரர்களிடம் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: சாதகம். (ஜாதகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதைப் பார்க்க வேறு ஆட்கள் உண்டு.) பிரிக்பீல்ட்ஸ் நுண்கலை ஆலயத்தில் மிருதங்கம் பயிலும் பிள்ளையின் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள், அடிப்படைச் சொற்கட்டைக் கை மறக்காத அளவுக்கு ஆயிரம் முறை வாசித்த பிறகுதான் மேடையெல்லாம். கிள்ளானில் சிலம்பம் பழகும் பையனிடம் முதல் நாளே எதிராளியை நிறுத்துவதில்லை. நிரலாளன் மட்டும் விதிவிலக்கு. அவனுக்குத் தினமும் மேடைதான், சாதகம் கிடையாது. நிரல் உலகில் இந்தக் குறையை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் டேவ் தாமஸ். கராத்தேயில் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுத் தொடரின் பெயரையே எடுத்துச் சிறு பயிற்சிக் கணக்குகளுக்குக் 'காத்தா' என்று வைத்தார்.

எங்கள் அறையில் நாலைந்து முறை கான்வேயின் கட்டங்களோடு மாரடித்த பிறகு, நம் ஊர்க் கணக்குகளைக் காத்தாவாக்கினால் என்ன என்று தோன்றியது. இது நான் எடுத்த முடிவுகளிலேயே உருப்படியானது.

ஐந்து சென் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ரொக்கமாகக் கட்டும் பில்லின் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு வட்டமாக்க வேண்டும். 1, 2 சென் கீழே போகும். 3, 4 ஐந்தாகும். 6, 7 ஐந்துக்கே இறங்கும். 8, 9 பத்தாகும். மளிகைக்கடைக் காசாளருக்கு மனப்பாடமான விஷயம். 1 ரிங்கிட் 32 சென் விலையில் மூன்று சோப்பு வாங்குங்கள். மொத்தம் 3.96, வட்டமாக்கினால் 3.95. ஆனால் அவசரக்கார நிரலாளர் ஒவ்வொரு சோப்பையும் தனித்தனியே வட்டமாக்கினால் 1.30 வீதம் 3.90 ஆகிவிடும். ஒரு பில்லுக்கு ஐந்து சென் நட்டம். நாளுக்கு இரண்டாயிரம் பில் போடும் கடையில் அது 100 ரிங்கிட். முதல் சுற்றில் பாதி ஜோடிகள் இந்தக் குழியில் விழும். மீதிப் பேர் வேறு குழியில் விழுவார்கள்: காசைப் பின்னப் புள்ளியில் வைத்திருப்பார்கள். கணினி எண்களை இரும முறையில் வைப்பதால் அதற்கு 0.1-உம் 0.2-உம் சேர்ந்தால் 0.3 வராது, 0.30000000000000004 வரும். எல்லாவற்றையும் சென்னாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்தவர்கள்தான் அவர்கள். இரண்டாம் சுற்றில் ஒருவர் கேட்பார்: "பாதியை இ-வாலட்ல கட்டி, மீதியைக் காசாக் கட்டுனா எதை வட்டமாக்குறது?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய பயிற்சிக்கு நான் தேவையில்லை, கீழே இறங்கிப் போய் ஒரு தே ஓ குடித்துவிட்டு வரலாம்.

அடையாள அட்டை எண் இன்னொரு காத்தா. 12 இலக்கம், முதல் ஆறு பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையென்றால் ஆண். ஆண்டுக்கு இரண்டே இலக்கம் என்பதால் 25 என்று தொடங்கும் எண் 1925-இல் பிறந்த பாட்டியுடையதா, 2025-இல் பிறந்த பேத்தியுடையதா?

பெயர்க் கணக்கு நம்மவர்களுக்கு மட்டும் கொஞ்சம் வலிக்கும். நம் அட்டைகளில் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்பதற்கு உள்ள அ/லெ, அ/பெ. மலாய் எழுத்தில் நடுவே ஒரு சாய்கோடு. அந்தச் சாய்கோட்டை 'தவறான எழுத்து' என்று சொல்லித் திருப்பியனுப்பாத இணையப் படிவம் ஒன்றை நம் மக்கள் கண்டால் அதிசயம். வங்கிக் கணக்கில் சாய்கோட்டோடு, விமானச் சீட்டில் சாய்கோடு இல்லாமல், கடப்பிதழில் வேறு மாதிரி. இந்தப் படிவங்களை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை; அவர்கள் பழகிய கணக்குகளில் அந்தச் சாய்கோடு வந்ததே இல்லை. தமிழ் எழுத்தும் அப்படித்தான். 'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து? முதலாம் ஆண்டுப் பிள்ளை மூன்று என்று சொல்லும். பெரும்பாலான நிரல்மொழிகள் ஐந்து என்று சொல்லும். யூனிகோடில் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். அந்தச் சொல்லைப் பின்னோக்கித் திருப்பு என்று ஒரு கணக்குக் கொடுத்தேன். புள்ளி முன்னால் வந்து அந்தரத்தில் தொங்கியது. அறையே சிரித்தது. பக்கத்தில் சீன நண்பர் ஒருவரும் மலாய்த் தங்கை ஒருவரும் ஜோடியாக உட்கார்ந்து, ஒரு தமிழ் எழுத்தும் தெரியாமலே அந்தக் கணக்கைச் சரியாக முடித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த அறையில் இன்னொன்றும் நடக்கிறது. ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாளும் வாய் திறக்காத பிள்ளைகள் இங்கே விடாமல் பேசுகிறார்கள். பயிற்றுநர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் குனிந்துகொள்ளும், தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பெண், ஜோடியாக உட்கார்ந்தால் தமிழும் மலாயும் கலந்து, "அக்கா, இந்த லூப் வேணாம், புவாங் பண்ணிடலாம்" என்று அடித்துச் சொல்கிறாள். நிரல் எழுதும் திறமைக்கும் மைக்கைப் பிடித்துப் பேசும் திறமைக்கும் தொடர்பில்லை. நம் பயிற்சி மண்டபங்கள் இரண்டாவதைத்தான் சோதிக்கின்றன.

'ஹேக்கத்தான் இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. இரவு முழுக்கக் கண்விழித்து, பீட்சா தின்று, விடிகாலையில் பாதி வேலை செய்யும் ஒரு செயலியைப் பளபளப்பாக்கி, மேடையேறி, கதவளவு காசோலையோடு படம் எடுத்துக்கொள்வது. இளவயதில் நானும் போயிருக்கிறேன், நல்ல திருவிழா. ஆனால் அங்கே நாம் செய்வது ஏற்கெனவே தெரிந்ததை வேகமாகவும் அலங்கோலமாகவும் செய்வதுதான். புதிதாக ஒன்றைத் தப்பாகச் செய்து பார்க்க அங்கே நேரம் இல்லை. திருவிழாவில் தேர் இழுக்கலாம். தேர் செய்யக் கற்க முடியாது.

தமிழ்க் கணிமையில் இந்த நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும் செல்லினமும் இல்லாமல் நம்மில் எத்தனை பேர் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழில் எழுதத் தொடங்கியிருப்போம்? தமிழ் இணைய மாநாடு 2001-இலும் 2013-இலும் கோலாலம்பூரில் நடந்தது. மாநாடுகள் வேண்டும்; தரமும் தரப்பாடும் அங்கேதான் முடிவாகின்றன. ஆனால் நம் சமூக அமைப்புகள் தகவல் தொழில்நுட்பம் என்று அறிவிக்கும் நிகழ்ச்சிகளைப் பாருங்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, மாலை, பொன்னாடை, நன்றியுரை. விசைப்பலகை மட்டும் அழைப்பிதழில் இருக்காது. தமிழ்நாட்டில் 2012-இல் மின்னிதழாகத் தொடங்கிய கணியமும், காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவும் பொன்னாடை இல்லாமல் தமிழிலேயே நிரல் பேசிப் பழக வைக்கிறார்கள். இணையவழி அமர்வுகளில் நம் பிள்ளைகளும் சேரலாம், யாரும் தடுக்கவில்லை.

முதலாளிகள் என்னிடம் சொல்லும் ஆட்சேபங்கள் இரண்டு. பயிற்சி கொடுத்தால் ஆள் ஓடிவிடுவான் என்பது பழையது. கொடுக்காவிட்டால் அவன் இருந்துவிடுவான் என்பதுதான் எனக்குப் பெரிய பயமாகப் படுகிறது, அதோடு விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது புதியது: "இப்ப எல்லாத்தையும் ஏஐ எழுதிடுதே, இவங்களுக்கு எதுக்குப் பயிற்சி?" நியாயமான கேள்வி, பதில் சொல்லத்தான் வேண்டும். நானும் அந்தக் கருவிகளைத் தினமும் பயன்படுத்துகிறேன். ஐந்து சென் கணக்கைக் கேட்டால் பத்து நொடியில் எழுதித் தரும். அது எழுதித் தந்ததில் சோப்பைத் தனித்தனியே வட்டமாக்கியிருக்கிறதா என்று யார் பார்ப்பது? ஒருமுறையாவது அந்தக் குழியில் விழுந்தவர்தான் பார்ப்பார். 2025 ஜூலையில் மெட்ர் என்ற அமெரிக்க ஆய்வுக் குழு ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. தங்களுக்கு நன்றாகப் பழகிய திறமூல நிரல்களில் 16 அனுபவசாலிகளுக்கு 246 வேலைகள்; சிலவற்றில் ஏஐ உண்டு, சிலவற்றில் இல்லை. ஏஐ துணையோடு வேலை 24 விழுக்காடு வேகமாக முடியும் என்று அவர்கள் முன்கூட்டிச் சொன்னார்கள். உண்மையில் 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. அதைவிட முக்கியமானது: வேலை முடிந்த பிறகும் தாங்கள் 20 விழுக்காடு வேகமாகச் செய்ததாகவே நம்பினார்கள். சிறிய ஆய்வு, கருவிகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. இதை வைத்து ஏஐ உதவாது என்று நான் சொல்ல மாட்டேன். தன் வேகத்தைத் தானே அளந்துகொள்ள மனிதனால் முடியவில்லை என்று மட்டும் சொல்வேன். அளந்து பார்க்க ஓர் அறையும் கடிகாரமும் வேண்டும். எங்கள் அறையில் இப்போது ஒரு சுற்று ஏஐ உடன், அடுத்த சுற்று ஏஐ இல்லாமல். அழிப்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

கையில் ஏற வேண்டிய இன்னொரு பாடம், எல்லாம் உடைந்து கிடக்கும்போது என்ன செய்வது என்பது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனம் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஒன்றை விட்டுவிட்டார்கள். விட்ட சர்வரில் பல ஆண்டுப் பழைய நிரல் உயிர்பெற்றுக் கண்மண் தெரியாமல் வாங்கி விற்றது. ஏறத்தாழ 45 நிமிடத்தில் 440 மில்லியன் டாலர் போனது. எங்கள் பயிற்சியின் ஒரு சுற்றும் அதே 45 நிமிடம்தான். நம் ஊரிலும் 2025 மார்ச்சில் கேஎல்ஐஏ விமான நிலையத்தின் கணினிகள் தாக்கப்பட்டு, விமானத் தகவல் பலகைகள் முடங்க, ஊழியர்கள் வெள்ளைப் பலகையில் கையால் எழுதிக் காட்டினார்கள். தாக்கியவர்கள் 10 மில்லியன் அமெரிக்க டாலர் கேட்டதையும் தர மறுத்ததையும் பிரதமரே சொன்னார். ஆலைகளில் ஆண்டுதோறும் தீயணைப்புப் பயிற்சி நடக்கிறது. மணி அடித்தால் எந்தப் படிக்கட்டு என்பது கூட்டுபவருக்கும் தெரியும். அதே ஆலையின் சர்வர் விழுந்தால் நகல் எங்கே, யார் எடுப்பது, எடுத்து வைத்த நகல் உண்மையில் திரும்ப ஏறுமா? கூகுள் போன்ற இடங்களில் பழைய விபத்து ஒன்றை நாடகமாக நடித்துப் புதிய பொறியாளரைத் தீர்க்க வைப்பார்கள். செலவு ஒரு பிற்பகல்.

நடைமுறைக்கு வருகிறேன். மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயம் 2024 ஆகஸ்ட் 1-இல் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 2025 ஜனவரி, ஜூலை என்று படிப்படியாக இறங்கி வந்தது. உள்நாட்டு வருவாய் வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தோடு தங்கள் மென்பொருளைப் பேச வைக்க இந்த வட்டாரத்து நிறுவனங்களின் நிரலாளர்கள் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். விளக்கக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. 55 தரவுப் புலங்களையும் ஸ்லைடில் காட்டினார்கள். ஆனால் வாரியம் பழகிப் பார்ப்பதற்கென்றே ஒரு சோதனைத் தளத்தைத் திறந்து வைத்திருந்தது. அம்மாவின் கழிவுத் தட்டேதான் அது! அதில் இரண்டு சனிக்கிழமை வேண்டுமென்றே தப்பான விலைப்பட்டியல்களை அனுப்பினோம். வரி எண் தவறு, கையொப்பம் தவறு, கூட்டல் தவறு. எந்தத் தவறுக்கு என்ன பிழைச்செய்தி வரும் என்பது கைக்குப் பழகியது. அனுப்பியதை 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யும் வழியையும் செய்து பார்த்தோம். வந்த ஒன்பது பேரில் ஆறு பேர் நேரடித் தளத்துக்கு மாறிய வாரத்தில் என்னைக் கூப்பிடவே இல்லை. பயிற்றுநருக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

இன்னொரு சின்ன விஷயம், தூரம். இத்தகைய நிகழ்ச்சிகள் நடந்தால் பங்சார் சவுத்திலோ சைபர்ஜெயாவிலோ வார நாள் மாலை ஏழு மணிக்கு நடக்கும். இங்கிருந்து தலைநகருக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். ஷிப்ட் முடித்து, கிள்ளான் நெரிசலைத் தாண்டி, ஏழு மணிக்குப் போய்ச் சேர்பவர் ஏற்கெனவே பாதி தூக்கத்தில் இருப்பார். ஆலை இங்கே, ஆள் இங்கே, நிரல் ஓடும் இயந்திரமும் இங்கே. பயிற்சி மட்டும் ஏன் ஹோட்டலில்?

எச்ஆர்டி கார்ப்பிடம் என் கோரிக்கை சிறியது. மென்பொருள் பயிற்சிக்கான கோரிக்கைப் படிவத்தில் மூன்று வரி கூட்டுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? பயிற்சி நேரத்தில் பங்கேற்பாளர் தானே நிரல் எழுதும் நேரம் எவ்வளவு? ஒரு மாதம் கழித்து மறு அமர்வு உண்டா? இரண்டு நாளை ஒரே மூச்சில் விழுங்குவதைவிட, மாதம் ஓர் அரை நாளாகப் பிரித்து வாங்குவதை முதலாளிக்கு எளிதாக்குங்கள். சாதகம் அப்படித்தான் நடக்கும்.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை பயிற்சிக்கான விலைப்புள்ளி உங்கள் மேசைக்கு வரும்போது, ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம், மதியச் சாப்பாடு உண்டா என்பதையெல்லாம் விட்டுவிட்டு, விசைப்பலகை யார் கையில் இருக்கும் என்று மட்டும் கேளுங்கள். பயிற்றுநர் கையில் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

(கட்டுரையாளர், தெலுக் பங்லிமா காராங்கில் வாழும் மென்பொருள் பொறியாளர், பயிற்றுநர்.)